காலுக்கு மர வைத்தியம்

என் காலுக்குள் ஒரு மரம் நிற்பதை நான் டி.வி.யில்தான் பார்த்தேன்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. ஐஸ் பெட்டி மாதிரி ஒரு அறை. ஒடுக்கமான மேசையில் என்னை மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்கு மேலே நான் முழுசாக விழித்திருந்தேன், வாயும் சேர்த்து.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "பயமா இருந்தா கண்ண மூடிக்கிடுங்க," என்றார்.

"வேண்டாம் டாக்டரே. கொட்டகைக்குள்ள வந்தாச்சு, படத்த முழுசும் பாத்துட்டே போறேன்."

ஏதோ மருந்தை உள்ளே விட்டார்கள். காலுக்குள் ஒரு வெதுவெதுப்பு இறங்கியது. பக்கத்தில் இருந்த திரையில் கறுப்பாக ஒரு தடி தெரிந்தது. தொடை வழியாக நேராக இறங்கி, முட்டுக்கு மேலே வந்ததும் வெட்டிப்போட்டது போல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து மெலிந்த கம்புகள். தை மாசத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இலையெல்லாம் கொட்டி, வானம் மட்டும் நிறைய இருக்கும்.

"அடைப்பு இதாக்கும்," என்றார் டாக்டர். அந்த இடத்தில் சின்னதாக ஒரு பலூனை ஊதினார்கள். கம்பி வலை மாதிரி ஒரு குழாயை வைத்தார்கள். இதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கண்டது ஒன்றுதான். மறுபடி மருந்து விட்டபோது, நின்றுபோன தடி மெதுவாகக் கீழே இறங்கியது. முழங்காலைத் தாண்டியது. கிளை பிரிந்தது. கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து நூல் நூலாகச் சின்னக் கம்புகள். மாசியில் தோட்டம் தளிர்ப்பதை இத்தனை வேகத்தில் நான் பார்த்ததே இல்லை.

என் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டர் குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல பிள்ளே. துளிர்க்குது."

மருந்து தலைக்கு ஏறிவிட்டதோ என்று அவள் டாக்டரைப் பார்த்தாள்.

குலசேகரத்துக்கு மேலே, மலை தொடங்கும் இடத்தில் ஒரு தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறவன். ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் சரிவாகக் கீறி, வடிகிற பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடிக்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். அன்றும் வாத்தியார் வெளியே நிற்கச் சொன்னதால் நனைந்துதான் போனேன். நான் படித்ததெல்லாம் மரத்திடம். மரம் பரீட்சை வைக்காது, அதனால் பெயிலாகாமல் தப்பித்தேன்.

தோட்டம் முதலாளியுடையது. ஆனால் அந்தச் சரிவு என்னுடையது என்றுதான் என் நினைப்பு. வெளுக்கும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினால், பனி மரத்துக்கு மரம் தொங்கிக் கிடக்கும். என் விளக்கு படுகிற மரம் மட்டும் உலகத்தில் இருக்கும். கீறியதும் பால் ஒரு நொடி யோசிக்கும். பிறகு வெள்ளையாக ஊறி, கோடு பிடித்து இறங்கி, சிரட்டையில் சொட்டும். பின்னாலே விட்டுவந்த மரங்களெல்லாம் இருட்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏற ஏற அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னே கூடிக்கொண்டே வரும். வெளிச்சம் வரும்போது நான் உச்சியில் நிற்பேன். ராசா மாதிரி என்று சொல்லலாம். ராசா கைலியை மடித்துக் கட்டி, காதில் பீடி செருகியிருப்பார்.

அந்தச் சரிவில்தான் முதலில் கெண்டைக்கால் பிடித்தது. யாரோ உள்ளேயிருந்து முறுக்குகிற மாதிரி. நின்றால் விட்டுவிடும், ஏறினால் மறுபடி முறுக்கும். வாதம் என்று எண்ணெய் தேய்த்தேன். கால் மினுமினுத்தது, வலி மினுமினுக்கவில்லை. பிறகு பெருவிரலில் ஒரு சின்னப் புண். செருப்பு உரசியது. அது ஆறவே இல்லை. பாதம் சில்லிட்டுக் கிடக்கும். படுத்தால் எரியும் என்று கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே உறங்கினேன். விரல் நுனி கறுத்ததும் என் பெண்டாட்டி என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, வழி திறக்காவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். நான் சிரித்தேன். பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மனசுக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. ஒற்றைக் காலோடு அந்தச் சரிவில் எப்படி ஏறுவேன்?

கால் பிழைத்தது. புண்ணும் பைய ஆறியது. வீட்டுக்கு விடும்போது டாக்டர் தெளிவாகவே சொன்னார்: "இனி பீடியத் தொடக்கூடாது. மாத்திரைய நிறுத்தக்கூடாது. புண்ணு ஆறியாச்சு, இனி தினமும் நடக்கணும். வலி வரும். நல்லா வலிக்குற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் மறுபடி நடங்க."

பீடியை என் பெண்டாட்டி பிடுங்கி அடுப்பில் போட்டாள். அடுப்பு மட்டும் சுகமாகப் புகைத்தது. மாத்திரை அவள் கையில். நடப்பது மட்டும்தான் என் பொறுப்பு. அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது.

ரப்பர் மரம் சில நேரம் வறண்டுபோகும். கீறினால் பட்டை உலர்ந்து கிடக்கும், பால் வராது. அப்போது ஆசைப்பட்டு மேலும் கீறினால் மரமே போய்விடும். கத்தியை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் சும்மா விடவேண்டும். மாசக்கணக்காக விட்டால் சில மரம் மறுபடி ஊறும். எங்கள் பக்கத்தில் பால் வெட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். டாக்டர் பாவம், டவுன்காரர், மரம் தெரியாதவர். வறண்ட காலைப் போய் நடத்தச் சொல்கிறாரே என்று அவர்மேல் எனக்கு இரக்கமே வந்தது.

ஆகவே என் காலுக்கு நான் ஓய்வு விட்டேன்.

முற்றத்தில் பலா மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு எதிரே, கால் வைக்க இன்னொன்று. அதன்மேல் தலையணை. வந்தவர்கள் என்னைப் பார்த்த பிறகு என் காலையும் தனியாக நலம் விசாரித்தார்கள். இலை உதிர்ந்த காலம் முடிந்து மறுபடி வெட்டுத் தொடங்கியது. முதலாளி ஆள் அனுப்பினார். என் பெண்டாட்டி, "நான் வெட்டுகேன்," என்றாள். இத்தனை வருசம் எனக்குப் பின்னே வாளியோடு பால் எடுத்து நடந்தவள். அவள் கத்தியை எடுத்து விரல் நுனியால் தடவிப் பார்த்ததை நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

"ஏட்டி, சரிவு வழுக்கும்," என்றேன்.

"உங்களுக்கு வழுக்குன சரிவு எனக்கும் வழுக்கட்டு. நீங்க காலப் பாத்துக்கிட்டிருங்க. ஓடிப்போயிரப் போவுது."

அந்த நாட்களை நினைத்தால் ஒரு நீளமான பகல் கனவு மாதிரி இருக்கிறது. பலா இலை வழியாக வெயில் என் பாதத்தில் விழும், நகரும், போய்விடும். தோட்டத்தில் அவள் கீறுகிற ஒவ்வொரு மரத்தையும் நான் கண்ணை மூடிக்கொண்டு கூடவே கீறினேன். இப்போது வளைவில் நிற்கிற இரட்டை மரம். இப்போது பாறைக்கு மேலே. காற்று மாறும்போது பால் வாசம் வருகிற மாதிரி தோன்றும். எத்தனையோ முறை கனவிலேயே உச்சிவரை ஏறிவிட்டேன். கனவில் கால் வலிக்காது. அதனால்தான் சோம்பேறிகள் எல்லாரும் கனவு காண்கிறோம்.

நிஜத்தில் கால் மெலிந்தது. குழாயடிக்குப் போய்வந்தாலே கெண்டைக்கால் முறுக்கியது. முன்பெல்லாம் அங்கே வலித்ததில்லை. 'மரம் இன்னும் ஊறவில்லை, ஓய்வு பத்தாது' என்று இன்னும் அதிகமாக உட்கார்ந்தேன். என்னைப் போல் உழைத்து உட்கார்ந்தவன் இந்த ஜில்லாவில் இருக்கமாட்டான்.

வைகாசிப் பாதியில் இறங்குகிற இடவப்பாதி மழை தொடங்கிய சமயம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்னே ஒரு சிஸ்டர் எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எல்லாரிடமும் கேட்பதாம்.

"வலியில்லாம எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"ஊர்ல யாராவது செத்தா, சாயா கொடுக்குற இடம் வரைக்கும்."

"சரியாச் சொல்லுங்க."

"வீட்டுல இருந்து குழாயடி," என்றாள் என் பெண்டாட்டி.

"உறக்கம் வருதா?"

"வருது. போகச் சொன்னாலும் போகமாட்டேங்குது."

"காலு போயிருமோன்னு பயம் உண்டா?"

இதற்கு எனக்கு வேடிக்கையாக ஒரு பதில் இருந்தது. வாய்வரை வந்து நின்றுவிட்டது. "உண்டு," என்றேன்.

"மத்தவங்களுக்குப் பாரமா இருக்கோம்னு தோணுதா?"

நான் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் கத்திப்பிடி காய்ப்பு ஏறியிருந்தது. இத்தனை நாள் நான் என் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

"பாரம் இல்ல சிஸ்டரே," என்றாள் அவள், திரும்பாமலே. "பாரம்னா தூக்கி எறக்கி வைக்கலாம். இது வச்ச இடத்துல இருக்கு."

டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். நாடி பார்த்தார். வைத்த குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது என்றார். பிறகு கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "தினமும் எவ்வளவு நேரம் நடக்கீங்க?"

"நடக்கதே இல்ல டாக்டரே," என்றேன் பெருமையாக. "முழு ஓய்வு."

"யாரு ஓய்வு எடுக்கச் சொன்னது?"

"மரம்."

விஷயத்தை முழுசும் விளக்கினேன். வறட்சி, பட்டை, கத்தி, எல்லாம். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது மரமில்ல, ஆளு. மரத்துக்கு நடக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்லா? பெரிய குழாயத்தான் நாங்க திறந்தோம். கீழ உள்ள சின்னக் குழாயும் சதையும் நடந்தாத்தான் பழகும். வலிக்க வலிக்க நடந்தா ரத்தம் பக்கத்துல புதுசா வழி கண்டுபிடிக்கும். இப்படியே உட்கார்ந்திருந்தா, கால் இருக்கும். அவ்வளவுதான்."

'கால் இருக்கும், அவ்வளவுதான்.' பஸ்ஸில் திரும்பும்போது தக்கலைவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்தார்கள், அதன் இடுக்கு வழியாக மழை என் மடியில் சொட்டியது. வெட்டாமல் மிஞ்சிய காலை வைத்துக்கொண்டு நான் செய்தது அதற்குத் தலையணை போட்டது மட்டும்தான்.

"இப்பவே எறங்கி நடந்துரவா?" என்றேன்.

"வீட்டுக்குப் போயி நடங்க. இஞ்ச கெடந்து நடந்தா என்னையத்தான் நொட்டம் சொல்லுவினும், கிறுக்கனப் புடிச்சுக் கெட்டுனவளாக்கும்னு."

மறுநாள் குடையோடு இறங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து ரோடு லேசான ஏற்றமாகப் போய், சர்ச்சைச் சுற்றி, தோட்டத்துச் சரிவின் அடியில் முடியும். அந்த அடிவாரம்தான் எனக்கு எல்லை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு ஏறுவதைப் பற்றி யோசிக்கலாம். போனேன். வலி வந்தது. இன்னும் கொஞ்சம் போனேன். கால் இனி ஒரு அடி வைக்கமாட்டேன் என்று நின்றது.

நின்ற இடம் ஒரு கேட். ரிட்டயர்டு கண்டக்டர் வீட்டு கேட்.

ஊரில் என்னோடு பேசாத ஒரே ஆள் அவர். காரணம் என் வாய்தான். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, அடப்பிரதமன் பாயசத்தை இலையில் விட்டதும், "ஓய், இதுக்குள்ள வாழை இலைக்க நரம்பு தெரியுது, தண்ணிப் பந்தலுக்கு எதுக்கு முந்திரிப் பருப்பு?" என்று சத்தமாகக் கேட்டேன். பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், செம்பருத்திக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் நான், குடையோடு. போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. வானத்தைப் பார்த்தேன். குடையின் உள்பக்கம்தான் தெரிந்தது. கால் விட்டதும் நடையைக் கட்டினேன்.

மறுநாளும் அதே இடத்தில் கால் நின்றது. அதற்கு மறுநாளும். என் காலுக்கு அந்த ஆள்மேல் என்ன பாசமோ. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"ஓய், இஞ்ச ஸ்டாப்பிங் கெடையாது."

"வண்டி பிரேக் டவுன் அண்ணாச்சி."

"தினமும் எனக்க நடையிலயா பிரேக் டவுன் ஆவும்? எனக்க கிட்ட மன்னிப்புக் கேக்க வந்து நிக்கிறீரா?"

"மன்னிப்புக் கேக்க வந்தவன் கொடையப் பிடிச்சு மொகத்த மறைப்பானா? எனக்க காலுதான் நிக்குது. நான் இல்ல."

காலைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் என் பாதத்தைப் பார்த்தார். பஸ்ஸில் நின்று நின்றே அவர் காலிலும் நரம்பு புடைத்துக் கிடப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "நின்னவனுக்கும் காலு போவுது, நடந்தவனுக்கும் போவுது," என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். மறுநாள் கேட்டை ஒட்டி ஒரு ஸ்டூல் கிடந்தது. குடையோடு அதில் உட்கார்ந்தேன்.

"பிரதமன் நல்லாத்தான் இருந்துது," என்றார் மழையைப் பார்த்தபடி.

"நல்லாத்தான் இருந்துது அண்ணாச்சி. நான் ரெண்டு தடவ கேட்டு வேண்டுனேன்லா."

"பின்ன எதுக்கு ஓய் அப்படிச் சொன்னீரு?"

"சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சாவளே," என்றார் அவர். பிறகு அவரும் லேசாகச் சிரித்தார்.

வலி மெதுவாகத் தள்ளிப்போனது. மழைக்காலம் முழுவதும் நடந்தேன். வலி ஒரு நாய் மாதிரி. முதலில் கேட்டில் வந்து பிடித்தது, பிறகு ரோட்டு வளைவில் காத்திருந்தது, பிறகு சர்ச் மதிலில். மதிலில் சாய்ந்து நின்றால் உள்ளே கொயர் பிள்ளைகள் பழகுகிற பாட்டு கேட்கும். கால் விடுகிறவரை ஒரு பாட்டுக்குள் நிற்பேன். போகிறவர்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். ஒருவேளை கொஞ்சம் முற்றியும் இருக்கலாம். வலி விடும்போது வருகிற அந்த இளக்கம், குளிர்ந்த காலுக்குள் சூடு ஊறி இறங்குவது, அதற்கு நன்றி சொல்ல யாராவது வேண்டியிருந்தது. நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போன பிறகும் கண்டக்டர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன். இல்லாவிட்டால், "பாயிண்ட் டு பாயிண்டா? நடுவுல எங்கயும் நிக்காதா?" என்று பின்னாலிருந்து கத்துவார்.

ரப்பர் காய் வெடிக்கிற காலம் வந்தது. வெயில் ஏறினால் தோட்டம் முழுக்கப் படார் படாரென்று சத்தம், விதை தெறித்துத் தகரக் கூரையில் விழும். அப்படி ஒரு காலையில் அடிவாரம் வந்துவிட்டேன். வலித்தது. நின்றேன். விட்டது. மேலே பார்த்தேன். பனி பாதி கலைந்து கிடந்தது. மரங்களில் மழைத்தண்ணீர் பாலில் கலக்காமல் இருக்கக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைகள் காற்றில் அசைந்தன. அதற்குள் எங்கேயோ என் பெண்டாட்டியின் கத்தி சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது.

ஏறினேன். நாலு மரம் ஏறினால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவில் இரட்டை மரத்தடியில் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"கத்தியத் தா பிள்ளே," என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

அவள் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "டாக்டரு உங்கள நடக்கத்தானே சொன்னாரு? வெட்டச் சொன்னாரா?"

"இது எனக்க சரிவுட்டி."

"ஆமா. எல்லா மரத்துலயும் எழுதி வச்சிருக்கு." வாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அடில உள்ள மரம் நெறஞ்சிருக்கும். எடுத்துட்டு வாங்க. பைய வந்தாப் போதும்."

அவள் கீறியிருந்த பட்டையைப் பார்த்தேன். என் வெட்டைவிட மெல்லிசு. மரத்துக்கு நோகாத வெட்டு. இதைச் சொன்னால் பிறகு எனக்குக் கத்தி கிடைக்கவே கிடைக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். சிஸ்டரிடம் விழுங்கியதைச் சேர்த்தால், என் ஆயுசில் நான் சொல்லாமல் விட்ட ரெண்டாவது பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

வாளியோடு திரும்பி ஏறினேன். உச்சிக்கு நான் போகமாட்டேன், அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாதிச் சரிவு. பாதி என்றால் பாதி. சிரட்டையைக் கவிழ்த்து, வழித்து, திரும்ப வைத்து, அடுத்த மரம். பால் பழைய மாதிரியே கனத்தது. நடுவில் கால் முறுக்கியது. ஒரு மரத்தில் தோளைச் சாய்த்து நின்றேன். மேலே கத்திச் சத்தமும் நின்றது.

"என்ன, நிக்கியளா?" என்று மேலிருந்து கேட்டாள்.

"இல்லட்டி. மரத்தப் பாக்கேன்."

"பாருங்க. நானும் பாத்துட்டு நிக்கேன்."

ஒரு காய் எங்கேயோ வெடித்தது. பனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பைய நகர்ந்து போனது. அவள் முழுசாகத் தெரியவில்லை, அணைக்க மறந்த நெற்றி விளக்கு மட்டும் என் பக்கமாகத் திரும்பி இருந்தது. சுற்றிலும் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கால் விட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன். மேலே கத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது.